என்ஜின்எக்ஸைப் புதிய பதிப்புக்கு ஏற்றுவது எப்படி?

கும்பகோணத்திலிருந்து, நாச்சியார்கோயில் குத்துவிளக்குக் கடைகள் சிலவற்றின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் ஒரே சர்வரில், என்ஜின்எக்ஸில் (தளத்தின் பக்கங்களைப் பார்ப்பவர்களுக்கு அனுப்பும் மென்பொருள்). கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் அதில் கை வைக்கவே மாட்டேன். ஆர்டர் குவியும் நேரம்.

முதலில் பதிப்பு எண்ணின் நடுப்பகுதியைப் பாருங்கள். இரட்டைப்படை என்றால் ஸ்டேபிள் (நிலையான கிளை), ஒற்றைப்படை என்றால் மெயின்லைன் (புதிய வசதிகள் சேரும் கிளை). ஸ்டேபிளுக்கு முக்கியமான திருத்தங்கள் மட்டுமே வரும். கடைத் தளத்துக்கு அது போதும் என்பது என் கட்சி.

அப்புறம் மாற்றப் பட்டியல். ஒவ்வொரு பதிவுக்கு முன்னாலும் செக்யூரிட்டி, சேஞ்ச், ஃபீச்சர், பக்ஃபிக்ஸ் என்று குறித்திருப்பார்கள். பலர் ஃபீச்சரைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஆளைக் கவிழ்ப்பது சேஞ்ச்தான், அதாவது ஏற்கெனவே இருந்த நடைமுறை மாறுவது. 1.25.1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கான்ஃபிக்கில் (அமைப்புகளை எழுதி வைக்கும் கோப்புகள்), எந்த போர்ட்டில் கேட்க வேண்டும் என்று சொல்லும் லிசன் வரியிலேயே எச்டிடிபி2 (உலாவியோடு பேசும் நெறிமுறையின் ஒரு பதிப்பு) என்று சேர்ப்பது பழைய முறையாகி, அதற்கெனத் தனி வரி வந்தது. மாற்றாமல் விட்டால் எச்சரிக்கையோடு ஓடும். ஆனால் மறையாக்கத்தை இயக்கும் ‘எஸ்எஸ்எல் ஆன்’ என்ற தனி வரி இருந்தால் கான்ஃபிக் ஏறவே ஏறாது. பழைய கோப்புகளில் இது ஒளிந்திருக்கும், தேடுங்கள்.

கான்ஃபிக்கையும் சான்றிதழ்களையும் வேறொரு கணினிக்கு நகலெடுத்து, அங்கே புதிய பதிப்பைப் போட்டு, சின்ன ‘டி’ (-t) ஆப்ஷனோடு சோதியுங்கள். பெரிய ‘டி’ (-T) சோதிப்பதோடு முழு கான்ஃபிக்கையும் திரையில் கொட்டும். அதைச் சேமித்து வையுங்கள்.

சரி, சர்வரில் ஏற்றியாயிற்று. ரீலோட் கான்ஃபிக்கை மட்டுமே புதுப்பிக்கும். பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும். புதிய பதிப்பு ஓட ரீஸ்டார்ட் வேண்டும். முடிந்ததும் எரர் லாகை (பிழைகள் பதிவாகும் கோப்பு) ஒருமுறை பார்த்துவிடுங்கள்.