ஒரு மனைக்கு விளம்பரம் எழுதுவது எப்படி? புதிய ஏஜென்ட்டுகளுக்கு

"சமயபுரம் அருகில் அருமையான வீட்டு மனை. ஹைவேயிலிருந்து 5 நிமிடம். வேகமாக வளரும் பகுதி. குறைந்த விலை. உடனே அழைக்கவும்."

இதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போன் வரத்தான் செய்யும். ஆனால் எல்லாப் போனிலும் ஒரே கேள்விகள்தான். எத்தனை சென்ட்? என்ன ரேட்? அப்ரூவ்டா? பட்டா யார் பேரில்? ரோடு எத்தனை அடி? லோன் ஆகுமா? பதில் சொல்லியே அரை நாள் போய்விடும். கடைசியில் சைட் பார்க்க வருகிறவரோ, வந்து நின்றதும் "தெற்குப் பார்த்ததா? முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று வண்டியைத் திருப்புவார்.

போனில் கேட்கப்போவதை எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும், குறையையும் சேர்த்து. அப்படிச் செய்தால் போன் குறையும். ஆனால் வருகிற போனெல்லாம் வாங்குகிற போனாக இருக்கும். திருச்சி மாவட்டம் மணச்சநல்லூர் வட்டத்தில் 30×50 அடி மனை ஒன்று மறுவிற்பனைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொண்டு செய்து பார்க்கலாம்.

படி 1: ஓனரிடம் எழுத்தில் வாங்குங்கள்

ஒரு பக்கக் கடிதம் போதும். எந்த மனை, ஓனர் எதிர்பார்க்கும் விலை, எதுவரை விளம்பரம் செய்யலாம், கமிஷன் எத்தனை சதவீதம், அதை யார் தருவது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இது இல்லாமல் மூன்று ஏஜென்ட் மூன்று விலை போடுவார்கள். வாங்க வருகிறவர் மூன்றையும் பார்த்துவிட்டு நேராக ஓனர் வீட்டுக் கதவைத் தட்டுவார்.

இன்னொன்று. உங்களிடம் வந்திருப்பது தனி ஆளின் மனை இல்லை, புரமோட்டர் போடும் புது லேஅவுட் என்றால் கதை வேறு. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் 2016ஆம் ஆண்டு ரெரா சட்டப்படி, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, அந்தத் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்றுத் தர ஏஜென்ட்டுக்கும் தனிப் பதிவு வேண்டும். விளம்பரத்தில் திட்டத்தின் பதிவு எண்ணும் ரெரா ஆணையத்தின் இணைய முகவரியும் இருக்க வேண்டும். பதிவில்லாத ஏஜென்ட்டுக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். பதிவு எண் வராமல் "ப்ரீ லாஞ்ச் ஆஃபர்" என்று ஃபார்வர்டு செய்யாதீர்கள்.

படி 2: காகிதத்தை நீங்களே பாருங்கள்

"ஓனர் எல்லாம் க்ளியர்னு சொன்னார்" என்பது விவரம் ஆகாது. பார்க்க வேண்டியவை: கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம் (அதற்கு முந்தைய பத்திரம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விவரங்களின் பட்டியல்), பட்டா, புலப்படம் (நிலத்தின் சர்வே வரைபடம்), லேஅவுட் வரைபடத்தின் நகல்.

வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். இன்றைய பட்டாவில் புல எண் 112/2அ1 என்று இருக்கும். அந்த எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் நான்கைந்து வருடப் பதிவுகள்தான் வரும், எல்லாம் சுத்தமாகத் தெரியும். உட்பிரிவு ஆவதற்கு முன் அதே நிலம் 112/2 என்ற எண்ணில் இருந்திருக்கும். பழைய அடமானமும் பாகப்பிரிவினையும் அந்த எண்ணின் கீழ்தான் கிடக்கும். ஆகவே இரண்டு எண்ணையும் போட்டுத் தேடுங்கள். கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தின் கீழ் இருந்ததா என்றும் கேளுங்கள். இருந்திருந்தால் அங்கேயும் தேட வேண்டும்.

வில்லங்கத்தில் எல்லாமும் வந்துவிடாது. உயில் தெரியாது. பதிவு செய்யாத அக்ரிமென்ட் தெரியாது. அதனால் "வில்லங்கம் இல்லை" என்று எழுதாமல், "1990 முதல் இன்று வரை வில்லங்கம் பார்த்தது" என்று எழுதுங்கள். முதலாவது உங்களால் கொடுக்க முடியாத வாக்குறுதி. இரண்டாவது நீங்கள் செய்த வேலை.

பட்டாவில் பெயர் பாருங்கள். பத்திரம் மகன் பேரில், பட்டா இன்னும் அப்பா பேரில் என்பது ஊருக்கு ஊர் இருக்கும் கதை. கூட்டுப் பட்டா என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்குத் தானாக அனுமதி கொடுக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது டிடிசிபியின், ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் எண், ஆண்டு, அந்த லேஅவுட்டில் மனை எண் மூன்றையும் எழுதுங்கள். 20.10.2016க்கு முன் பிரித்து விற்ற அங்கீகாரமில்லாத மனை, பிறகு வரன்முறை செய்யப்பட்டது (அரசு ஒழுங்குபடுத்திக் கொடுத்தது) என்றால், "வரன்முறை செய்த மனை" என்றே சொல்லி ஆணை எண்ணைப் போடுங்கள். அதை டிடிசிபி மனை என்று எழுதினால் லோன் போடும்போது வங்கி வக்கீல் கண்டுபிடித்துவிடுவார்.

படி 3: அளவை டேப் பிடித்து எடுங்கள்

1 சென்ட் 435.6 சதுர அடி. 1 கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஏறத்தாழ ஐந்தரை சென்ட். பட்டாவில் இருப்பதோ ஹெக்டேரும் ஏரும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. நம் மனை 1,500 சதுர அடி, 3.44 சென்ட், பட்டாவில் 0 - 1.39 என்று இருக்க வேண்டும். அங்கே 1.30 என்று இருந்தால் விளம்பரம் எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

பத்திரத்தில் 30×50 என்று இருந்தால் போதாது. நான்கு கல்லும் இருக்கிறதா பார்த்து, பக்கங்களை அளந்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். சரியான செவ்வகம் என்றால் இரண்டுமே 58 அடி 4 அங்குலம் வரும். ஒன்று 54 அடி, மற்றது 62 அடி 4 அங்குலம் என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது. பக்கங்கள் 30, 50 என்றே காட்டும், ஆனால் பரப்பு சுமார் 1,480 சதுர அடிதான். சதுர அடி 1,200 ரூபாய் என்றால் 24,000 ரூபாய் வித்தியாசம். அதைவிட, வாஸ்து பார்க்கிறவர் அந்த மனையைத் தொடவே மாட்டார்.

(ஃபிளாட் என்றால் கார்ப்பெட் ஏரியாவைத் தனியாகச் சொல்லுங்கள். ரெரா கணக்கில் வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி அதில் சேராது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் சேரும்.)

படி 4: நேரில் போய்க் குறித்துக்கொள்ளுங்கள்

ரோட்டு அகலத்தை இரண்டாகச் சொல்லுங்கள்: வரைபடத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு. "வரைபடத்தில் 23 அடி, தார் போட்டிருப்பது 12 அடி" என்ற ஒரு வரி பத்துப் போட்டோவுக்குச் சமம். வாசல் எந்தத் திசை, தெருக்குத்து உண்டா, மேலே மின்கம்பி போகிறதா, ரோட்டை விட மனை எத்தனை அடி பள்ளம், பக்கத்து வீட்டு போர் எத்தனை அடி. தண்ணீரைப் பற்றி ஓனரைக் கேட்காதீர்கள், சித்திரை வைகாசியில் லாரித் தண்ணீர் வாங்கினீர்களா என்று பக்கத்து வீட்டம்மாவைக் கேளுங்கள்.

"5 நிமிடம்" வேண்டாம், கிலோமீட்டர் போடுங்கள். நேரம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் எந்த நாள், எத்தனை மணி, எந்த வண்டி என்று சேர்த்துச் சொல்லுங்கள். சமயபுரம் பக்கம் செவ்வாய் மாலை ஓட்டுவதும் ஞாயிறு காலை ஓட்டுவதும் ஒன்றா? சித்திரைத் தேர் சமயத்தில் கேட்கவே வேண்டாம்.

போட்டோ ஆறு போதும். தெருமுனையிலிருந்து ஒன்று, மனைக்கு எதிரே நின்று ஒன்று, நான்கு மூலைக்கல்லும் ஒவ்வொன்று. வெயில் ஏறினால் போட்டோ வெளுத்துவிடும் என்பதால் காலை ஒன்பதுக்குள் எடுத்துவிடுங்கள். பத்திரத்தைப் படம் எடுத்துப் பொதுவில் போடாதீர்கள். ஆதார் எண், கையெழுத்து, கைரேகை எல்லாம் அதில் இருக்கும், ஆள்மாறாட்டக்காரனுக்கு அது விருந்து.

படி 5: விலையை முழுசாகச் சொல்லுங்கள்

"விலை நேரில்" என்றால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். சதுர அடிக்கு 1,200, மொத்தம் 18 லட்சம், சென்ட் கணக்கில் 5,22,720. அதோடு நின்றுவிடாமல் பதிவுச் செலவையும் போடுங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. 18 லட்சத்துக்கு எழுதினால் 1,26,000 + 36,000, ஆக 1,62,000 ரூபாய். பத்திரம் எழுதும் கூலி, வக்கீல் ஃபீஸ் தனி. வழிகாட்டி மதிப்பையும் (பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) பார்த்து எழுதிவிடுங்கள், எப்படியும் அடுத்த கேள்வி அதுதான். சம்பளக்காரர் கையில் இருபது லட்சம் வைத்துக்கொண்டு தேடுகிறார் என்றால் இந்த மனை தனக்கு எட்டுமா என்பது இந்த வரியில்தான் தெரியும்.

படி 6: குறையை மேலே கொண்டு வாருங்கள்

இதற்குத்தான் கை வராது. ஓனரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: "வர்றவங்க எப்படியும் நேர்ல பார்க்கத்தான் போறாங்க. இங்க வந்து பார்த்துட்டுத் திரும்பிப் போகணுமா, வீட்டுலயே தெரிஞ்சுக்கிட்டு வரணுமா?"

குறையை அளவோடு சொல்ல வேண்டும். "கொஞ்சம் பள்ளம்" என்றால் பயம் வரும். "ரோட்டை விட ஒன்றரை அடி பள்ளம்" என்றால் கணக்கு வரும். 1,500 சதுர அடிக்கு ஒன்றரை அடி நிரப்ப 2,250 கன அடி, ஏறக்குறைய 22 யூனிட் கிராவல் (1 யூனிட் 100 கன அடி). மண் அமுங்குவதற்கு இன்னும் நாலைந்து யூனிட் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளூர் லாரிக்காரரிடம் யூனிட் விலை கேட்டுப் பெருக்கினால் வாங்குகிறவருக்குத் தொகை கிடைத்துவிடும், பேரமும் அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கும்.

படி 7: எழுதுங்கள்

தலைப்பில் ஊர், பரப்பு, திசை, அனுமதி, விலை ஐந்தும் வர வேண்டும். "அருமையான", "அற்புதமான", "அரிய வாய்ப்பு" மூன்றையும் அடித்துவிடுங்கள். நம் மனைக்கு இப்படி வரும்:

"சமயபுரம் அருகில், மணச்சநல்லூர் வட்டம். 1,500 சதுர அடி மனை (30×50, 3.44 சென்ட்). தெற்கு வாசல். டிடிசிபி. ரூ.18 லட்சம்.
ரோட்டை விட ஒன்றரை அடி பள்ளம், சுமார் 22 யூனிட் மண் வேண்டும். பட்டா ஓனரின் தந்தை பேரில் உள்ளது, பெயர் மாற்ற மனு கொடுத்தாயிற்று.
ரோடு: வரைபடத்தில் 23 அடி, தார் 12 அடி. தெருக்குத்து இல்லை. நான்கு கல்லும் உள்ளன, மூலைவிட்டம் சரிபார்த்தது.
வில்லங்கம் 1990 முதல் இன்று வரை, பழைய, புதிய புல எண் இரண்டிலும் பார்த்தது. 2014இல் வங்கி அடமானம், 2021இல் அதைத் தீர்த்த ரசீது பதிவாகியுள்ளது.
பக்கத்து போர் 280 அடி, கோடையிலும் தண்ணீர் உண்டு என்கிறார்கள்.
18 லட்சத்துக்குப் பதிவுச் செலவு சுமார் 1.62 லட்சம் தனி.
ஆவண நகல்கள் நேரில் காட்டப்படும். ஞாயிறு தவிர காலை 7 முதல் 10 வரை சைட் பார்க்கலாம்."

ஞாயிறு ஏன் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். கோயில் கூட்டம் தெரிந்த ஊர்.

படி 8: போட்ட பிறகு

ஒரு நோட்டில் தேதி, கேட்டவர், கேட்ட கேள்வி மூன்றையும் எழுதி வாருங்கள். மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டால் அது விளம்பரத்தில் விடுபட்ட வரி, அன்றே சேர்த்துவிடுங்கள். போன் நிறைய, சைட் பார்த்தவர் யாருமில்லை என்றால் விவரம் போதவில்லை. சைட் பார்த்தவர் பலர், விலை பேசியவர் யாருமில்லை என்றால் எழுதியதற்கும் தரையில் இருப்பதற்கும் எங்கோ பொருந்தவில்லை, அல்லது விலை அதிகம்.

ஒவ்வொரு முறை போடும்போதும் முதல் வரியில் தேதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு தடவை ஃபார்வர்டு ஆனது மனை விற்று ஆறு மாதம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும், போன் வந்துகொண்டே இருக்கும். அப்படி வரும் போனை "வித்தாச்சுங்க" என்று வைத்துவிடாமல், எந்தப் பக்கம், எத்தனை சென்ட், எவ்வளவு பட்ஜெட் என்று கேட்டு அதே நோட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள்.