உயர்தரச் சிகையலங்கார நிலையத்துக்குப் பின்னணி இசையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

உயர்தரச் சிகையலங்கார நிலையம் ஒன்றைத் தொடங்குபவர்கள் இசையைப் பற்றி யோசிக்கும்போது, எந்தப் பாடல்களை ஒலிக்கவிடலாம் என்பதிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே பார்க்க வேண்டியது, நாற்காலியில் அமர்ந்தவர் தனக்கு எப்படிப்பட்ட முடி வேண்டும் என்று சொல்வது ஸ்டைலிஸ்டின் காதில் பிசகின்றி விழுகிறதா என்பதுதான். கூடுதல் கட்டணம் கொடுத்து வருபவர், தான் சொல்வதை ஒருவர் நிதானமாகக் கேட்டுப் புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தே வருகிறார். அந்தப் பேச்சுக்கு இடையூறாக இருக்கும் இசை, தனியாகக் கேட்கும்போது எவ்வளவு அருமையாக இருந்தாலும் இங்கே உதவாது.

ஆகவே, எல்லா நாற்காலிகளும் நிரம்பியிருக்கும் ஒரு நாளில், வரவேற்பு மேசைக்கருகே நின்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு நாற்காலியும் காலியாகும்போது அதில் சற்று நேரம் அமர்ந்து கேட்டுப் பாருங்கள். ஸ்டைலிஸ்ட் பின்னால் நிற்கிறார். வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறார். அவர் குரலின் பெரும்பகுதி முன்னோக்கிச் சென்று, கண்ணாடியில் மோதித் திரும்பியே பின்னால் நிற்பவரை அடைகிறது. கண்ணாடிகளும் ஓடு பதித்த தரையும் மற்ற ஓசைகளையும் அப்படியே எதிரொலிக்கின்றன. முடி அலசும் இடத்தில் நிலைமை இன்னும் கடினம். செவிப்புலன் கருவி அணிபவர்கள் அங்கே அதைக் கழற்றி வைத்திருப்பார்கள். மூக்குக்கண்ணாடியையும் கழற்றி மல்லாந்து சாய்ந்திருப்பதால், உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் அவர்களுக்கு வழியில்லை. அந்தப் பகுதியில் ஒலியைத் தனியாகக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது ஹேர் டிரையர். ஒரு மீட்டர் தொலைவில் இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் ஒலி ஏறத்தாழ 60 டெசிபல் இருக்கும். காதருகே ஓடும் டிரையரின் ஒலியோ பெரும்பாலும் 80 டெசிபலைத் தாண்டிவிடும். டிரையரை மீறி இசை கேட்க வேண்டும் என்று ஒலியைக் கூட்டினால், அறையிலுள்ள எல்லோரும் தம்மையறியாமலே குரலை உயர்த்துவார்கள். இரைச்சலில் குரல் தானாக உயரும் இந்த இயல்பைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியன் லொம்பார்ட் 1911-லேயே விவரித்திருக்கிறார். பிறகு பேச்சை மீற இசையும், இசையை மீறப் பேச்சும் உயர்ந்துகொண்டே போகும். எனவே, டிரையர்கள் எதுவும் ஓடாத வேளையில், பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் ஒலியை நிறுத்துங்கள். நாற்காலியில் அளந்தால் 55 முதல் 60 டெசிபல் வரை போதும். டிரையர் ஓடும்போது இசை மறைந்து போனால் போகட்டும். அது நின்றதும் இசை மீண்டும் மெல்லக் கேட்பது இனிமையாகவே இருக்கும்.

ஒலியைக் குறைவாக வைக்க ஸ்பீக்கர்களின் அமைப்பும் ஒத்துழைக்க வேண்டும். திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறைகிறது. அறைக்குள் இந்த வேறுபாடு சற்றுக் குறைந்தாலும், ஒரே ஒரு பெரிய ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் அருகில் அமர்ந்தவருக்கு இரைச்சலும் தொலைவில் இருப்பவருக்கு முணுமுணுப்புமே மிஞ்சும். கூரையில் பல சிறிய ஸ்பீக்கர்களைப் பரவலாகப் பொருத்தி, ஒவ்வொன்றையும் தாழ்வாக ஒலிக்கவிடுவதே சரியான வழி. இடப்பக்கம் ஓர் ஒலி, வலப்பக்கம் வேறோர் ஒலி என்று ஸ்டீரியோவாகப் பிரிக்காமல், எல்லாவற்றிலும் ஒரே ஒலியை, அதாவது மோனோவாக, ஒலிக்கவிட்டால், எந்த நாற்காலியில் இருந்தாலும் பாடல் முழுமையாகக் கேட்கும்.

இனி இசைக்கு வரலாம். ஒலி தாழும்போது நம் காது முதலில் இழப்பது பேஸ் எனப்படும் கனத்த அடிச்சுருதி ஒலிகளைத்தான். ஆகவே, பேஸ் தாளத்தை நம்பியே உருவான இசை குறைந்த ஒலியில் சாரமற்றதாகிவிடும். பியானோ, கிட்டார், புல்லாங்குழல், மென்மையான குரல் ஆகியவை தாழ்ந்த ஒலியிலும் தம் உருவத்தை இழப்பதில்லை. பெரிய ஆர்கெஸ்ட்ரா இசையில் வேறொரு சிக்கல் உண்டு: அதன் மெல்லிய பகுதிகள் அறையின் ஓசையில் காணாமல் போகும், திடீரென எழும் பகுதிகளோ ஆளைத் திடுக்கிட வைக்கும். கழுத்தருகே கத்தரிக்கோல் இருக்கும் இடத்துக்கு அது ஏற்றதன்று. ஏற்ற இறக்கம் அதிகமில்லாமல் சீராகச் செல்லும் ஜாஸ், மென்மையான மின்னணு இசை, தனிக்கருவி இசை போன்றவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் கருவியிசை வடிவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. கேட்பவரின் மனம் விடுபட்ட வரிகளைத் தேடிக்கொண்டே இருக்கும். வரிகள் உள்ள பாடல்கள் வேண்டுமானால் மிதமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒவ்வொரு பாடலின் வரிகளையும் முன்கூட்டியே முழுமையாகக் கேட்டுவிடுங்கள்.

மெதுவான இசை விற்பனையைக் கூட்டும் என்று பலர் சொல்வதற்கு, சந்தையியல் ஆய்வாளர் ரொனால்ட் மில்லிமன் 1982-இல் வெளியிட்ட பல்பொருள் அங்காடி ஆய்வு ஒரு காரணம். மெதுவான இசை ஒலித்தபோது அங்கே மக்கள் மெல்ல நடந்தார்கள், கூடுதலாக வாங்கினார்கள். சிகையலங்கார நிலையத்தில் யாரும் தட்டுகளுக்கிடையே நடப்பதில்லை. எவ்வளவு நேரம் இருப்பார்கள் என்பதை முன்பதிவே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே அந்த முடிவை இங்கே அப்படியே பொருத்துவது தவறு. தாள வேகத்தை வேலையின் போக்குக்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் நிமிடத்துக்கு 70 தாள அடிகளையொட்டியும், கூட்டம் மிகுந்த பிற்பகலில் 100 வரையும் செல்லலாம்.

முடி வெட்டிக்கொள்பவர் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவார். முடிக்கு வண்ணமேற்றுபவர் மூன்று மணி நேரம் வரை இருக்கக்கூடும். ஊழியர்களோ நாள் முழுவதும் அதையே கேட்கிறார்கள். இவர்களைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஒரு பாடல் 4 நிமிடம் என்று கொண்டால், 9 மணி நேரத்துக்கு 135 பாடல்கள் தேவை. இப்படிப்பட்ட பட்டியல்கள் நான்கைந்து இருந்து, அவை நாள்தோறும் மாறி வந்தால்தான் சலிப்பு தட்டாது. பட்டியலை ஒருவரே தொகுக்கட்டும். ஆனால், எந்தப் பாடலையும் நீக்கச் சொல்லும் உரிமை ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கட்டும். நாள்தோறும் ஒரு பாடலைச் சகித்துக்கொண்டு வேலை செய்யும் ஸ்டைலிஸ்டின் எரிச்சல் அவர் கைகளில் தெரியும்.

இசைக்கென்று தனிக் கருவி ஒன்றை ஒதுக்கி, அதில் அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிடுங்கள். பாடல்களின் ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பை இயக்கி, பட்டியல் முடிந்ததும் வேறு பாடல்களைத் தானாகத் தொடங்கும் வசதியை அணைத்துவையுங்கள். வீட்டில் கேட்பதற்கான ஸ்ட்ரீமிங் சந்தாக்கள் பொதுவாகத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதி தருகின்றன. வணிக இடத்தில் ஒலிபரப்ப, பாடலின் ஆக்கத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் தனித்தனியாக உரிமம் தேவைப்படலாம் என்பதால், வணிகத்துக்கான இசைச் சேவையைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டணத்தில் எவையெல்லாம் அடங்கும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

இசையே வேண்டாம் என்பவர்களும் வருவார்கள். ஓசையைத் தாங்க இயலாதவர்கள், தலைவலியோடு வருபவர்கள், சற்று நேரம் அமைதியாக இருக்க விரும்புபவர்கள் எனப் பலர் இதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். முன்பதிவின்போதே அவர்களது விருப்பத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஸ்பீக்கரைத் தனியே நிறுத்தக்கூடிய ஒரு நாற்காலியை அவர்களுக்காக ஒதுக்கிவையுங்கள்.