பழைய லித்கோ 303: கழற்றுவது, எண்ணெய் போடுவது, சுடுவது

நம் ஊர் போலீஸ்காரர் தோளில் தொங்கிய த்ரீ நாட் த்ரீ நினைவிருக்கிறதா? அதே லீ-என்ஃபீல்டு குடும்பத்துத் துப்பாக்கிகள் ஆஸ்திரேலியாவில் லித்கோ என்ற ஊரிலும் தயாராயின. தொழிற்சாலை திறந்தது 1912-இல். உரிமம் எடுத்து அதில் ஒன்றை வாங்கியிருந்தால், அவசரப்பட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதீர்கள்.

படி 1: தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, பின்னால் இழுக்கும் பூட்டான போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையான சேம்பர் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். போல்ட் கைப்பிடியில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பார்த்துவிடுங்கள். வேறு துப்பாக்கியின் போல்ட் என்றால், தோட்டாவின் பின்புறம் விடும் இடைவெளி மாறியிருக்கலாம். எண் ஒத்துப்போனாலும் சரி, அந்த இடைவெளியை அளவுகோல் வைத்துள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) அளந்து சொல்லும் வரை சுட வேண்டாம்.

படி 2: குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டைதான் முதலில் கழற வேண்டும், தோளில் வைக்கும் பின்கட்டை அதற்கு அப்புறம்தான். பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளமான திருகாணியின் முனை சதுரமானது. அது முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு சிறு தகட்டில் போய் உட்கார்ந்திருக்கும். முன்கட்டை இருக்கும்போதே அதைத் திருகினால் சதுர முனை சுழன்று மரத்தைப் பிளந்துவிடும். இது தெரியாமல் என் முதல் துப்பாக்கியில் திருகினேன். சுள்ளி ஒடிவதுபோல் சின்னச் சத்தம்தான் கேட்டது. எண்பது ஆண்டு தாங்கிய மரம் ஒரு நொடியில் போனது இன்னும் மனதை உறுத்துகிறது.

படி 3: மரத்தில் உப்புத்தாள் போடவே கூடாது. பதித்த முத்திரைகள் அழிந்தால் திரும்ப வராது. டர்பன்டைன் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் எடுங்கள். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியை ஒற்றினால், ஆவியில் மரம் உப்பி மேலே வரும். பிறகு ஆளிவிதை எண்ணெயைச் சில துளி உள்ளங்கையில் விட்டு, கை சூடாகும் வரை மரத்தில் தேய்த்துவிடுங்கள். ஒரு நாள் விட்டு அடுத்த பூச்சு. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

படி 4: கிளப் மைதானத்தில் ஒவ்வொரு தோட்டாவாகத் தொடங்குங்கள். மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் இரண்டும் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும்.

படி 5: பழைய ராணுவத் தோட்டா சுட்டால் அன்றைக்கே குழலைக் கழுவிவிடுங்கள். அதன் பின்புறத்தில் தீ மூட்டும் ப்ரைமர் மருந்து உப்பை விட்டுச் செல்லும். உப்பு ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். புனல் வைத்து, சேம்பர் பக்கமிருந்து கொதிநீரை ஊற்றுங்கள். குழல் சூடேறுவதால் ஈரமும் சீக்கிரம் காயும். துணியால் துடைத்து மெல்லிய எண்ணெய் விடுங்கள். மறுநாள் வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பாருங்கள். பழுப்பு ஒட்டியிருந்தால் மறுபடி கொதிநீர். வெள்ளையாகவே வந்தால் பூட்டி வைக்கலாம்.