பேட்ஸி க்ளைன்: பாட்டு சரி, பதிவு எது?

போன மாதம் அக்கா பையன் வாட்ஸாப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். "மாமா, நீங்க சொன்ன அந்தப் பாட்டியக் கேட்டேன். இருபது பாட்டு ஓடிச்சு, ஒண்ணும் மனசுல நிக்கல. இதுக்கா இவ்ளோ பில்டப்பு?"

பாட்டியாம். அவன் சொல்வது பேட்ஸி க்ளைனை, அமெரிக்காவின் கன்ட்ரி (அந்த ஊர்க் கிராமிய மெட்டிலிருந்து வளர்ந்த இசை) பாடகி. விமான விபத்தில் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 30. அது கிடக்கட்டும். அவன் கேட்ட பட்டியலைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. மேலே 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' என்று போட்டிருந்தது. உள்ளே இருந்த இருபதில் ஹிட்டானது ஒன்றே ஒன்று. இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன், அதுவும் காசு கொடுத்து.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பேட்ஸியைக் கேட்கும்போது செய்யும் தவறுகள் ஒவ்வொன்றாக. நல்ல ஹெட்ஃபோன் வாங்குங்கள், அமைதியான இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும்.

அட்டையில் இருக்கும் பெயரை நம்புவது

வேலை விஷயமாக அமெரிக்காவில் சில மாதங்கள் இருந்த காலம். சிடி இன்னும் சாகவில்லை. ஒருநாள் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருந்தது. வழியில் லாரிக்காரர்கள் நிறுத்தும் ஒரு பெட்ரோல் பங்க். கல்லாவுக்குப் பக்கத்தில், நம் ஊர்க் கடைகளில் சாவிக்கொத்து தொங்குமே அந்த மாதிரி சுழலும் கம்பி ஸ்டாண்டில் சிடிகள். எதை எடுத்தாலும் 5 டாலர். பேட்ஸி க்ளைனின் முகம், கீழே தங்க எழுத்தில் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. நாஷ்வில் போகிற வழியில் இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும்?

முதல் பாட்டு 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்'. பிரமாதம். அதற்கப்புறம் வந்த பதினாலும் சப்பென்று இருந்தன. குரலில் குறையில்லை. சமைத்தவர் கைப்பக்குவம் தெரிகிறது, கொடுத்த காய்தான் வாடல். பாதி வழியில் ரேடியோவுக்கு மாறிவிட்டேன். இவ்வளவுதானா இந்தம்மா என்று அன்றைக்கு முடிவுகட்டியதில், 'க்ரேஸி'யை ஒழுங்காகக் கேட்க எனக்கு இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. 5 டாலர் போனது போகட்டும். அந்த இரண்டு வருடக் கடுப்புதான் இன்னும் தீரவில்லை.

நடந்தது இதுதான். பேட்ஸி 1954-ல் ஃபோர் ஸ்டார் என்ற இசைத்தட்டு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். அந்தக் கம்பெனியின் பதிப்புரிமையில் இருக்கும் பாட்டுகளைத்தான் பாட வேண்டும் என்று அதில் கட்டிப்போட்டிருந்தார்கள். வெளியே எவ்வளவு நல்ல பாட்டு இருந்தாலும் தொட முடியாது. 1955-லிருந்து 1960 வரை சுமார் 50 பாட்டுகளை இப்படிப் பாடினார். தேறியது 1957-ல் வந்த 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' ஒன்றுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாடல் பாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்ததும் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லிதான். பின்னால் 'க்ரேஸி'யைக் கொடுத்த அதே ஆள், அதே நாஷ்வில். ஒப்பந்தம் முடிந்து 1960-ல் பேட்ஸி டெக்கா என்ற பெரிய இசைத்தட்டு கம்பெனியில் நேரடியாகச் சேர்ந்தார். அங்கே நடந்த முதல் ரெக்கார்டிங்கிலேயே 'ஐ ஃபால் டு பீசஸ்' வந்துவிட்டது. ஹேங்க் காக்ரனும் ஹார்லன் ஹோவர்டும் எழுதியது. 1961-ல் கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அப்புறம் 'க்ரேஸி', 'ஷீஸ் காட் யூ' என்று வரிசையாக. பாடகியும் மாறவில்லை, தயாரிப்பாளரும் மாறவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் வந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பழைய ஃபோர் ஸ்டார் பதிவுகளின் உரிமை பல கை மாறியது. ஆளாளுக்கு மலிவுத் தொகுப்பு போட்டார்கள். அதைத்தான் நான் பெட்ரோல் பங்க்கில் வாங்கினேன், அக்கா பையன் செயலியில் கேட்டான்.

சரி, எப்படித் தப்பிப்பது? 'ஐ ஃபால் டு பீசஸ்', 'க்ரேஸி', 'ஷீஸ் காட் யூ' மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மறுயோசனை வேண்டாம், நகருங்கள். நீங்கள் தேட வேண்டியது 1967-ல் டெக்கா வெளியிட்ட 12 பாட்டுத் தொகுப்பு. பின்னாளில் எம்.சி.ஏ. பெயரில் வந்ததும் அதேதான். அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகள் தாண்டியதற்கு 2005-ல் டைமண்ட் சான்று வாங்கியது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்தச் சரியான தொகுப்பில் இருக்கும் 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்'கூட 1957-ல் ஹிட்டானது அல்ல. 1961-ல் டெக்காவுக்காக மறுபடி பாடியது. பின்னால் ஆண்குரல்கள் 'ஊ' என்று சேர்ந்து பாடினால் அது 1961. அவர்கள் ஜார்டனேர்ஸ், எல்விஸ் பிரெஸ்லிக்குப் பின்னணி பாடிய அதே நால்வர். அவர்கள் இல்லாமல், ஸ்டீல் கிட்டார் (தந்தியில் உலோகக் கட்டையை நகர்த்தி வாசிப்பது) வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தால் அது பழையது. அந்த ஸ்டீல் கிட்டார் டான் ஹெல்ம்ஸ் வாசித்தது, கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸுக்கு வாசித்தவர். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். பழையதில் நடையில் ஒரு துடுக்கு இருக்கும். புதியதில் அதே பெண் கொஞ்சம் நிதானித்து, தெருவிளக்கைப் பார்த்து நின்று நடக்கிற மாதிரி. எனக்குப் பழையதுதான் பிடிக்கும். ஜார்டனேர்ஸ் இருப்பதுதான் ஒரிஜினல் என்று ஒரு நண்பரிடம் அடித்துப் பேசி, கடைசியில் நான்தான் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன் என்பது வேறு கதை.

இன்னொரு வகையும் உண்டு. இறந்த பிறகு ஒட்டுப்போட்டவை. 1985-ல் அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்தபோது குரலை மட்டும் வைத்துக்கொண்டு பின்னிசையைப் புதிதாக வாசித்துச் சேர்த்தார்கள். ஜிம் ரீவ்ஸோடு ஜோடியாகப் பாடியதாக ஒன்று சுற்றுகிறதே, அது 1981-ல் ஸ்டூடியோவில் செய்த வேலை. இருவரும் ஒருநாளும் சேர்ந்து பாடிப் பதிவு செய்ததில்லை. கிறிஸ்துமஸ் நேரத்தில் நம் ஊர் வீடுகளில் ஒலிக்கும் அதே ஜிம் ரீவ்ஸ்தான். அவரும் 1964-ல் விமான விபத்தில் போனவர். இறந்துபோன இருவரைச் சேர்த்துவைத்துப் பாடவிட்டார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது அது இல்லை.

குரலை மட்டும் கேட்பது

'ஐ ஃபால் டு பீசஸ்' போட்டு, ஒரு தடவை பேட்ஸியை மறந்துவிட்டு அடியில் மட்டும் காதை வையுங்கள். இரண்டு பேஸ், அதாவது தாழ்ந்த சுரம் தரும் தந்தி வாத்தியம், ஓடுகிறது. ஒன்று பாப் மூரின் நிற்கும் மர பேஸ், வட்டமான ஒலி. அதன் மேலேயே ஹெரால்ட் பிராட்லியின் ஆறு கம்பி மின் பேஸ், தந்தியை உள்ளங்கையால் அமுக்கி 'டிக், டிக்' என்று. சுவரில் கடிகாரம் ஓடுகிற மாதிரி. அந்தக் கடிகாரம் இவ்வளவு சீராக ஓடுவதால்தான் அதற்கு முன்னும் பின்னும் அவரால் வார்த்தையை இழுத்து, உரசி, விட முடிகிறது. ஜார்டனேர்ஸ் சேர்ந்தால் நான்கு ஆண்குரலில் தன் குரல் அமுங்கிவிடும் என்று அவர் முதலில் பயந்தாராம். அமுங்கவில்லை என்பதற்கு இந்தப் பாட்டே சாட்சி.

ஃபிடில் எங்கே என்று கேட்பது

கன்ட்ரி என்றால் ஃபிடில் இருக்க வேண்டுமே, பேட்ஸி பாட்டில் வயலின்தானே கேட்கிறது என்பார்கள். ராக் அண்ட் ரோல் அடித்த அடியில், 1950-களின் கடைசியில் நாஷ்வில்காரர்களே ஃபிடிலைக் குறைத்து வயலின் குழுவைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே வாத்தியம்தான், வாசிக்கிறவர் போட்டிருக்கும் சட்டைதான் வேறு.

வலியில்தான் 'க்ரேஸி' பிறந்தது என்று சொல்வது

எல்லோரும் சொல்லும் கதை இது: 1961 ஜூனில் கார் விபத்து, தலை கண்ணாடியில் மோதியது, ஊன்றுகோலோடு ஸ்டூடியோவுக்கு வந்தார், அந்த வலிதான் பாட்டில் கேட்கிறது. பாதிதான் சரி. ஆகஸ்ட் 21-ல் வந்தார், உண்மை. விலா எலும்பு வலியில் மேல்ஸ்தாயி எட்டவில்லை. மணிக்கணக்காகப் போராடிவிட்டு, வாத்தியங்களை மட்டும் பதிவு செய்து வைத்தார்கள். சில வாரம் கழித்து, வலி குறைந்த பிறகு திரும்பி வந்து அதன்மேல் பாடினார். நாம் கேட்பது அந்தக் குரல். வலி போன பிறகு பாடியது.

பாட்டை எழுதியவர் வில்லி நெல்சன், அப்போது பெயர் தெரியாதவர். தாளத்துக்குப் பின்தங்கிப் பேசுகிற மாதிரி பாடுவது அவர் பாணி. பேட்ஸி அதைப் பின்பற்றப் பார்த்து, விட்டுவிட்டு, தன் வழியில் பாடினார். அவர் மூச்சு விடும் இடைவெளிகளில் ஃப்ளாய்ட் க்ரேமரின் பியானோ வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதையும் கவனியுங்கள்.

பாட்டை அவருடைய டைரி என்று நினைப்பது

அந்த 1967 தொகுப்பின் 12 பாட்டில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை.

எல்லாவற்றிலும் சாவைக் கேட்பது

'ஸ்வீட் ட்ரீம்ஸ்' பதிவானது 1963 பிப்ரவரி 5. விமானம் டென்னசியில் கேம்டன் அருகே விழுந்தது மார்ச் 5. சரியாக ஒரு மாதம். உடனே, அவருக்கு முன்பே தெரிந்திருந்தது, குரலில் அது தெரிகிறது என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படிப் பேசித் திரிந்தேன். அந்த வாரம் அவர் நான்கு நாள் தொடர்ந்து ஸ்டூடியோவில் பாடிக்கொண்டிருந்தார். வேலை நடந்தது.

அந்த நாலு நாளில் முதல் நாள் பாடியது 'ஃபேடட் லவ்'. டெக்சஸ் நடனக் கூடங்களில் ஆடுவதற்காகப் பாப் வில்ஸ் வாசித்த பாட்டை இழுத்து நிதானமாக்கியிருக்கிறார்கள். 1967 தொகுப்பிலேயே இருக்கிறது.

பன்னிரண்டையும் அக்கா பையனுக்கு அனுப்பினேன். மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு மெசேஜ்: "மாமா, ஃபேடட் லவ்ல கடைசி வார்த்தைக்கு முன்னாடி மூச்சு வாங்குறது கேக்குது. ரெக்கார்டிங்ல தப்பா?"

"இல்லடா, அழிக்காம விட்டிருக்காங்க. இன்னொரு தடவை போடு" என்று பதில் போட்டேன்.