ஆம்பூரை மறுபடி வேலூரில் சேர்த்த எக்ஸ்பாத்

டேக் போட்டுத் தரவை அடுக்கும் எக்ஸ்எம்எல் ஃபைலிலிருந்து வேண்டியதைத் தேடி எடுக்கும் கேள்வி மொழிதான் எக்ஸ்பாத். அதில் தப்பாகக் கேட்டால் எரர் வரும் என்று நம்பாதீர்கள். இலக்கணம் பிசகினால்தான் கத்தும். பொருள் பிசகினால் சத்தமில்லாமல் வேறு எதையோ எடுத்து நீட்டிவிடும். காட்பாடியில் உட்கார்ந்து நான் பட்டதைச் சொல்கிறேன்.

பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. மூன்றின் வட்டங்களையும் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைலில் வைத்திருந்தேன். டேக் பெயர்களும் தமிழில்தான், அதற்குத் தடையில்லை. மாவட்டம் மாவட்டமாக லூப் ஓட்டி, உள்ளே //வட்டம் என்று கேட்டேன். வேலூர் பட்டியலில் ஆம்பூரும் அரக்கோணமும் வந்து உட்கார்ந்துகொண்டன. அரசு பிரித்ததை என் கோடு சேர்த்துவைத்துவிட்டது! // என்று தொடங்கினால், எங்கே நின்று கேட்டாலும் தேடல் ஃபைலின் உச்சியிலிருந்துதான் கிளம்பும். முன்னால் ஒரு புள்ளி வைத்து .//வட்டம் என்று எழுதினால் சரி.

//வட்டம்[1] என்றால் முதல் வட்டம் ஒன்று மட்டும் வரும் என்று நினைப்போம். மாவட்டத்துக்கு ஒன்றாக மூன்று வரும். ஒன்றே ஒன்று வேண்டுமானால் (//வட்டம்)[1]. பைத்தான் கைப்பழக்கத்தில் [0] போட்டால் எதுவும் வராது, எரரும் வராது. இங்கே எண்ணிக்கை 1-இல்தான் தொடங்குகிறது.

அரை நாளைத் தின்றது சோளிங்கர். ஃபைலில் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. 'சோ' என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எக்ஸ்பாத்துக்கு அவை வேறு வேறு சொற்கள். ஃபைலையும் தேடும் சொல்லையும் என்எஃப்சி வடிவுக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) மாற்றிய பிறகுதான் சோளிங்கர் கிடைத்தது. இதைத் தமிழ்த் தரவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

கம்பைல், அதாவது கேள்வியை முன்கூட்டியே அலசி ஓட்டத் தயாராக வைப்பது, எளிது. ஒரே கேள்வியை ஆயிரம் முறை ஓட்டப்போகிறீர்கள் என்றால் லூப்புக்கு வெளியே ஒருமுறை கம்பைல் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாவாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை: கம்பைல் ஆன எக்ஸ்பாத் ஆப்ஜெக்டைப் பல த்ரெட்களுக்கு (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) பொதுவாகக் கொடுக்கக் கூடாது. த்ரெட்டுக்கு ஒன்று வேண்டும்.

வெளியிலிருந்து வரும் ஃபைலின் தலையில், டேக் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று சொல்லும் நேம்ஸ்பேஸ் அறிவிப்பு முன்னொட்டில்லாமல் (டிஃபால்ட்டாக) இருந்தால், முன்னொட்டில்லாத வெறும் பெயரில் எக்ஸ்பாத் 1.0 எதையும் தராது. அந்த நேம்ஸ்பேஸுக்கு ஒரு முன்னொட்டைப் பதிவு செய்து, அதோடு சேர்த்துக் கேளுங்கள்.

அப்புறம், பயனர் தட்டும் ஊர்ப்பெயரை அப்படியே கேள்வியில் ஒட்டாதீர்கள். மேற்கோள் குறியை மூடிவிட்டு, எப்போதும் உண்மையாகும் நிபந்தனை ஒன்றை அவர் சேர்த்தால் மொத்தப் பட்டியலும் அவர் கையில். $ஊர் என்று வேரியபிளாக வைத்து மதிப்பைத் தனியே அனுப்பினால், அவர் என்ன தட்டினாலும் அது வெறும் ஊர்ப்பெயராகவே நிற்கும். கம்பைல் செய்ததையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப ஓட்டலாம்.