புது வாட்டர் பம்ப் போட்டும் முள் ஏறுகிறதா?

என் பழைய காருக்கு வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு), ரேடியேட்டரின் மேல் ஹோஸ் மூன்றையும் நானே மாற்றினேன். பத்து நிமிடம்கூட ஓட்டியிருக்க மாட்டேன், டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறிவிட்டது. சந்தேகம் புது பம்ப் மேல் போனது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். பம்பில் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனதுதான் மிச்சம். அப்புறம்தான் பழைய கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பிடித்த வாளி கண்ணில் பட்டது. இறங்கியது 5 லிட்டர், நான் திரும்ப ஊற்றியது 4 லிட்டர்கூட இல்லை. மீதி இடத்தில் காற்று உட்கார்ந்திருந்தது.

அதனால் கூலிங் வேலை முடிந்ததும் வண்டி சூடானால், முதலில் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். முள் மேலே இருக்கும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளே குளிர்ந்த காற்றே வந்தால், ஹீட்டருக்குச் சூடான கூலன்ட் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். கூலன்ட் குறைவாக இருக்கும், அல்லது நடுவில் காற்று அடைத்திருக்கும்.

காற்றை எடுக்க எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு வண்டியின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில் இருக்கட்டும். காற்று விடும் திருகு இருந்தால் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வழியும் வரை மெதுவாக ஊற்றி, திருகை மூடுங்கள்.

இனி மூடி திறந்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். மேல் ஹோஸ் சூடேறும் முன் அதைப் பால் கறப்பது போல அழுத்தி அழுத்தி விடுங்கள். ரேடியேட்டர் வாயில் பெரிய குமிழி ஒன்று 'குளுக்' என்று வெடிக்கும், மட்டம் இரண்டு விரல் இறங்கும். ஊற்றுங்கள், மறுபடி அழுத்துங்கள். பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 80 டிகிரிக்கு மேல்தான் திறக்கும். திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அவசரப்பட்டு இதற்கு முன்பே மூடியைப் போடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு, நானும் செய்தேன். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்று, குமிழி அடங்கிய பிறகு மூடுங்கள். முகத்தை வாய்க்கு நேரே வைக்காதீர்கள், கூலன்ட் பொங்கலாம். முள் சிவப்பை நெருங்கினால் உடனே அணைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் ஆறிய எஞ்சினில் மட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். எனக்கு அன்றைக்கும் அரை லிட்டர் குடித்தது.

காற்று போயும் சூடானால் நீங்கள் கை வைத்த இடங்களுக்குத் திரும்புங்கள். தெர்மோஸ்டாட்டின் ஸ்பிரிங் பக்கம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் நேரத்துக்குத் திறக்காது. நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன்தான். ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கிற வண்டியில், அது சுற்றும்போது கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். உள்ளே இழுக்க வேண்டும். வெளியே தள்ளினால் ஒயர் இரண்டும் மாறியிருக்கிறது. வேகமாக ஓட்டும்போது மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, இல்லையென்றால் உறிஞ்சும்போது அமுங்கிவிடுகிற கீழ் ஹோஸ். கூலன்டை அப்படியே ஊற்றினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். சுத்த கூலன்ட் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தைச் சுமக்காது. கலந்து விற்பதாக இல்லாவிட்டால் வாலைவடிநீரை (டிஸ்டில்டு வாட்டர்) சரிபாதி சேருங்கள்.

எத்தனை முறை காற்று எடுத்தாலும் குமிழி ஓயவில்லை, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது என்றால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கலாம், அதுவும் பழுது பார்க்கும் முன்பே ஒரு முறை நன்றாகச் சூடாகியிருந்தால். கூலன்டில் எஞ்சினுக்குள் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு நீல நிறச் சோதனைத் திரவம் உண்டு. பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளானால் சந்தேகம் தீர்ந்தது. அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.