பைபாப் வீட்டுக்கு வந்துவிட்டது: முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

டுஷேன், எஸ்.எம்.ஏ., ஏ.எல்.எஸ். போன்ற, தசைகளைப் பலவீனமாக்கும் நோய்களில் பெரும்பாலும் நுரையீரலில் கோளாறு இருக்காது. அதை விரிக்கும் தசைகள்தான் தளர்ந்துபோகின்றன. தூக்கத்தில் மூச்சு ஆழமில்லாமல் போய், கரியமில வாயு உடம்பிலேயே தங்கும். காலையில் தலைவலி, பகலில் தூங்கி வழிவது, ராத்திரி அடிக்கடி விழிப்பு எல்லாம் அதனால்தான். இவர்களுக்கு வெறும் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 98 காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும். மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளிக் கொடுக்கும் மெஷின்தான் தேவை. அதுதான் பைபாப்.

1. மோடைப் பாருங்கள். திரையில் 'எஸ்.டி.' என்று இருக்கிறதா? நோயாளி மூச்சை இழுக்கத் தவறினாலும் மெஷினே மூச்சு கொடுக்கும் மோடு அது. 'எஸ்' மட்டும் என்றால் டாக்டரிடம் உடனே கேளுங்கள். ஐபாப் (மூச்சை இழுக்கும்போது தரும் அழுத்தம்) 10–12, ஈபாப் (விடும்போது இருக்கும் அழுத்தம்) 4–5 என்று தொடங்கி, சில நாட்களில் ஐபாப்பை ஏற்றுவது வழக்கம். எண்களை நீங்களாக மாற்ற வேண்டாம்.

2. வைக்கும் இடம். தலைமாட்டை விடத் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள். உயரத்தில் வைத்தால் டியூபில் கோத்த தண்ணீர் மூக்கில் இறங்கும். ஹியுமிடிஃபையரில் (காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி) டிஸ்டில்டு வாட்டர் மட்டும். தினமும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

3. மாஸ்க். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். ஒற்றை டியூப் மெஷின் என்றால் மாஸ்கிலோ டியூப் முனையிலோ சிறு ஓட்டைகள் இருக்கும். விட்ட மூச்சு வெளியேறும் வழி அதுதான். 'காற்று லீக் ஆகிறதே' என்று டேப் ஒட்டினாலோ, போர்வை மூடினாலோ, விட்ட காற்றையே திரும்ப இழுக்க வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஓட்டையில்லாத மாஸ்கை, பெரும்பாலும் நீல முனை கொண்டது, இதில் அப்படியே மாட்டக் கூடாது.

நோயாளி படுத்த பிறகு, மெஷின் ஓடும்போதே மாஸ்கை முகத்தில் வைத்து, இரண்டு பக்க வாரையும் ஒரே அளவில் இழுங்கள். வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். கண் பக்கம் காற்று அடித்தால் வாரை இறுக்காதீர்கள். மாஸ்கைச் சற்றுத் தூக்கி மறுபடி உட்கார வையுங்கள். காலையில் கழற்றி அரை மணி நேரம் ஆகியும் மூக்குத் தண்டில் சிவப்பு மறையவில்லை என்றால் புண் தொடங்குகிறது: வாரைத் தளர்த்துங்கள், வேறு வடிவ மாஸ்க் கேளுங்கள்.

கையைத் தூக்க முடியாதவருக்கு, முடிந்தவரை மூக்கு மாஸ்க்தான் நல்லது. வாயையும் மூடும் மாஸ்கில் வாந்தி வந்தால் அவரால் கழற்ற முடியாது. அந்த மாஸ்க் தவிர்க்க முடியாதென்றால் பக்கத்தில் ஆள் படுத்தே ஆக வேண்டும்.

4. பழக்கம். முதல் நாள் பகலில், டிவி பார்க்கும்போது 15–20 நிமிடம். பிறகு மதியத் தூக்கம், அப்புறம் ராத்திரி. வயிறு உப்பினால் காற்றை விழுங்குகிறார், டாக்டரிடம் சொல்லுங்கள்.

5. கரண்ட். இன்வெர்ட்டரில் இணைத்து, நோயாளிக்கு மாட்டாமல் மெயினை அணைத்துப் பாருங்கள். இன்வெர்ட்டர் மாறும் அந்த நொடியில் சில மெஷின்கள் நின்றுவிடும். பட்டனை அழுத்தினால்தான் மறுபடி ஓடும். இரவில் கரண்ட் போகும்போது இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. ஹியுமிடிஃபையர் ஹீட்டர்தான் பேட்டரியைத் தின்னும். கரண்ட் இல்லாதபோது அதை அணையுங்கள். ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கட்டில் தலைமாட்டிலேயே தொங்கட்டும். வீட்டில் இருவருக்காவது அதை அழுத்தத் தெரிய வேண்டும்.

6. சளி. மெஷின் ஓடும்போதே மீட்டர் 95-க்குக் கீழே போனால் முதலில் மாஸ்க் லீக் ஆகிறதா பாருங்கள், அடுத்து சளி. இருமல் வலுவில்லாதவருக்கு ஆம்பு பேக்கால் இரண்டு மூன்று மூச்சை, நடுவில் வெளியே விடாமல், அடுக்கி நிறுத்தி, பிறகு இருமச் செய்வார்கள். பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொள்ளுங்கள். இருமலுக்கு உதவும் காஃப் அசிஸ்ட் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது.

சளி எடுத்தும் எண் ஏறவில்லை, அல்லது எழுப்பினால் மயக்கமாகவே இருக்கிறார் என்றால் உடனே ஆஸ்பத்திரி. போகும்போது மெஷின், மாஸ்க், டாக்டர் எழுதிய அழுத்த எண்கள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேசுவால்டி வாசலிலேயே சொல்லுங்கள்: "தசை பலவீனம், கரியமில வாயு தங்கும். ஆக்சிஜன் கொடுத்தால் பைபாப்போடு சேர்த்துக் கொடுங்க."